எல்லாம் கர்த்தர் கையில தான்னு நம்புறேன், அதனால தான் ஜெபிக்க முடியல

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் செய்வேன், இன்னைக்கு தான் எழுதுறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்குங்க.

வீட்டுக்காரருக்கு 49 வயசு. 18 வருஷம் ஒரே கம்பெனியில லாஜிஸ்டிக்ஸ்ல இருந்தார், பிப்ரவரில ரிட்ரெஞ்ச் பண்ணிட்டாங்க. சரி வேற வேலை பார்த்துக்கலாம்னு இருந்தோம். மே மாசம் காலு வீங்குது மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரி போனா கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னாங்க. சுகர் இருந்தது தெரியும், இவ்வளவு தூரம் போயிருக்கும்னு தெரியாது. இப்ப செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஒரு தடவை உட்கார்ந்தா 4 மணி நேரம். நான் இங்க சிங்கப்பூர்ல சைல்ட்கேர் டீச்சர், என் சம்பளத்துல தான் வீடு ஓடுது. பெரியவனுக்கு இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை.

போன ஞாயிறு சர்ச்ல ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு "வேலை போனதே டயாலிசிஸ்க்கு டைம் கிடைக்கத்தாம்மா, கர்த்தர் எவ்வளவு அழகா பிளான் பண்ணியிருக்கார் பாரு"ன்னாங்க. நல்ல ஆன்ட்டி தான், ஆஸ்பத்திரில இருந்தப்ப ரெண்டு தடவை சோறு கொண்டு வந்து கொடுத்தவங்க. ஆனா அதைக் கேட்டதும் நான் டாய்லெட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். பாட்டு எல்லாம் முடிஞ்சு தான் வெளிய வந்தேன்.

என் பிரச்சினை இதுதான். எனக்கு விசுவாசம் போகல. எல்லாம் அவர் கையில தான் இருக்குன்னு இன்னமும் நம்புறேன், அப்படி நம்புறதுனால தான் கோவமே வருது, அவர் கையில இல்ல ஏதோ நடந்துருச்சுன்னு நினைச்சா யார் மேல கோவப்படுறது? தடுத்திருக்கலாம்ல, தடுக்கல. அவர்கிட்டயே போய் முழங்கால் போட்டு "சுகம் தாங்க"ன்னு கேட்க வாய் வரமாட்டேங்குது. சர்ச்ல கர்த்தர் செஞ்ச நன்மையை எழுந்து சொல்ற சாட்சி நேரம் வந்தாலே பயமா இருக்கு, எழுப்பி விட்டுடுவாங்களோன்னு. இந்த மாதிரி இருந்து மீண்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஜெயம்_ஜெயம்77:

சிஸ்டர் சோர்ந்து போகாதீங்க!! எரேமியா 29:11, உங்களைப் பத்தின என் நினைவுகள் தீமைக்கு இல்ல, சமாதானத்துக்குன்னு கர்த்தர் சொல்ற வசனம், அதை டிக்ளேர் பண்ணுங்க, தினமும் 7 தடவை சத்தமா. கோவம் எல்லாம் சத்துரு கொண்டு வர்றது, இடம் கொடுக்காதீங்க. இந்த வருஷம் முடியறதுக்குள்ள டபுள் போர்ஷன், ரெட்டிப்பு ஆசீர்வாதம்னு சாட்சி சொல்வீங்க ஆமென் 🙏🙏

தேக்கா_தாத்தா:

ஜெயம் தம்பி, கோவிச்சுக்காதீங்க, 29:11 சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை 29:10 படிச்சுப் பாருங்க. பாபிலோன்ல 70 வருஷம்னு போட்டிருக்கு. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம், அதை வாங்கிப் படிச்ச பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேரு திரும்பிப் போற நாளைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அங்கேயே இருந்து வாழுங்கன்னு தான் அவங்களுக்குச் சொன்னது. வருஷம் முடியறதுக்குள்ளன்னு கர்த்தர் சொல்லாததை நாம சொல்லி, டிசம்பர்ல அது நடக்கலைன்னா இந்தப் பொண்ணு யார்கிட்டப் போய் நிக்கும்?

அம்மா ஈசூன், உன் கேள்விக்கு வர்றேன். எனக்கு 71 வயசு, சண்டே ஸ்கூல்ல பல வருஷம் யோசேப்பு கதை சொல்லிக் கொடுத்தவன், சொல்லிக் கொடுக்கும்போது எனக்கே புரியாத ஒண்ணு என் வீட்டுக்காரி இறந்து போன பிறகு தான் புரிஞ்சது. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்", ஆதியாகமம் 50:20, இதைச் சொன்னது யாரு? யோசேப்பு. சொந்த அண்ணன்மாரே குழியில தள்ளி, அப்புறம் அடிமையா வித்தவன். எப்போ சொன்னான்? 17 வயசுல வித்துட்டாங்க, 30 வயசுல எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி நின்னான், அதுக்கு மேல 7 வருஷம் விளைச்சல், பஞ்சத்துல 2 வருஷம், அப்பா யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 வருஷம் இருந்து கண்ணை மூடினார், கூட்டிப் பாரு, இந்த வசனத்தைச் சொல்லும்போது அவனுக்கு 56 இருக்கும். அண்ணன்மார்கிட்ட தான் யாருன்னு சொன்னப்பவே, 39 வயசு வாக்குல, "தேவன் என்னை அனுப்பினார்"னு சொன்னான், அதுவே 22 வருஷம் கழிச்சு தான்.

குழிக்குள்ள இருந்தப்ப என்ன பண்ணான்? ஸ்தோத்திரம் பண்ணான்னு எங்கேயும் இல்ல. கெஞ்சினான். 42:21ல அண்ணன்மாரே ஒத்துக்கிறாங்க, அவன் மனவியாகுலத்தைப் பார்த்தும் கேட்காம போனோம்னு. அந்த நேரம் பார்த்து ஒருத்தன் குழிக்கு மேல நின்னுக்கிட்டு "கவலைப்படாதே, நீ அதிபதி ஆகத்தான் இது எல்லாம்"னு கத்தியிருந்தா எப்படி இருந்திருக்கும்? சொன்னது சரியாவே இருந்தாலும் சொல்ல வேண்டிய ஆள் அவன் இல்ல. அந்த ஆன்ட்டி சொன்னது ஏன் குத்துச்சுன்னா அதுதான். அது என்னைக்காவது நீயா சொல்ல வேண்டிய வார்த்தை, சொல்லாமலே கூட போகலாம், அதுக்காக அவர் ஆளுகை குறைஞ்சு போயிடாது.

பிள்ளை, சொத்து, உடம்பு எல்லாம் போன யோபு, அவன் கூட்டாளிங்களையும் பாரு. 7 நாள் வாயைத் திறக்காம தரையில உட்கார்ந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்லவங்க. கடைசியில கர்த்தர் கோவிச்சுக்கிட்டது அவர் சார்பா விளக்கம் சொன்னவங்க மேல, அவர்கிட்டயே சண்டை போட்ட யோபு மேல இல்ல, யோபு 42:7. (யோபையும் நல்லா ஒரு பிடி பிடிச்சார், 38ல ஆரம்பிச்சு. அது வேற கதை.)

துவாஸ்_தம்பி:

அக்கா நான் திருநெல்வேலி பக்கம், இங்க ஷிப்யார்டுல வெல்டர். 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக நாங்க தங்குற டார்மிட்டரிய மூடி எங்களை உள்ள வச்சிருந்தப்ப ஊர்ல அப்பா இறந்துட்டாங்க. பிளைட் இல்ல, வெளியவும் விடமாட்டாங்க, வாட்ஸ்அப் வீடியோல தான் அடக்கம் பார்த்தேன், பாதியில லைன் கட் ஆயிட்டு. ரூம்ல 12 பேரு, அழக்கூட தனியா இடம் இல்ல. மேல் கட்டில்ல ஒரு பங்களாதேஷ் அண்ணன், அவருக்கும் எனக்கும் பாஷை சரியா ஓடாது, அவர் பாட்டுக்கு பாயை எடுத்துட்டு வந்து என் கட்டிலுக்குக் கீழ தரையில போட்டுப் படுத்துக்கிட்டாரு. மூணு ராத்திரி. ஒண்ணுமே கேக்கல.

நான் அப்ப ஒரு மாசத்துக்கு மேல ஜெபிக்கல அக்கா. அப்புறம் ஒரு நாள் "ஏன் இப்டி பண்ணீரு"ன்னு கேட்டேன், வேற வார்த்தை வரல, தினமும் அதையே தான் கேட்டேன். பதில் வந்துச்சான்னா வரல, இன்னைக்கு வரைக்கும் வரல. ஆனா கேக்குறத நான் நிறுத்தவும் இல்ல. இதுக்குப் பேரு மீண்டதான்னு எனக்குத் தெரியாது.

பூன்லே_77:

நான் கொஞ்சம் வேற மாதிரி பார்க்குறேன். வேலையை எடுத்தது கம்பெனி, கிட்னியை எடுத்தது சுகர். இதுல கடவுளை எதுக்கு இழுக்கணும்? அவர் அனுமதிச்சார்னு சொல்றதும் செஞ்சார்னு சொல்றதும் பெரிய வித்தியாசம் இல்லையா. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் பிளான் வச்சு பழகிட்டோம், பிடிஓ வீடு, சிபிஎஃப் சேமிப்பு, பிள்ளைக்கு டியூஷன், கடவுளும் அப்படி ஒரு டைம்டேபிள் வச்சிருப்பார்னு நினைக்கிறோம். சும்மா கேட்குறேன், சண்டைக்கு இல்ல.

தேக்கா_தாத்தா:

வித்தியாசம் இருக்கு தம்பி, நான் மறுக்கல. பாவத்துக்கு அவர் காரணர்னு வேதம் சொல்லல. ஆனா அனுமதிச்சார்னு சொல்லி அவரை வெளிய நிறுத்திட்டா, அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு அழுறப்ப யாரைக் கூப்பிடுறது? இந்தப் பொண்ணு கோவப்படுறதுக்கே அவர் தேவைப்படுறார், அதை விட்டுடக் கூடாது.

இந்த ஊர்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். ஜப்பான்காரன் காலத்துல லியோனார்ட் வில்சன்னு ஆங்கிலிக்கன் பிஷப், சாங்கி சிறையில அடைச்சு வச்சிருந்தாங்க. 1943ல ஹார்பர்ல கப்பல்களை வெடிவச்சு மூழ்கடிச்சதுக்கு உளவு வேலை சாங்கில இருந்து தான் நடந்துச்சுன்னு தப்பா சந்தேகப்பட்டு கெம்பெத்தாய், அதாவது ஜப்பான் ராணுவ போலீஸ், 57 பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க, அதுல 15 பேரு செத்தே போனாங்க. பிஷப்பையும் நாள் கணக்குல அடிச்சாங்க. உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாத்தலைன்னு அடிக்கிறவனே கேட்டிருக்கான். காப்பாத்துறார், வலியில இருந்து விடுவிச்சு இல்ல, தாங்குறதுக்குப் பெலன் கொடுத்துன்னு பதில் சொன்னாராம். சண்டை முடிஞ்ச பிறகு அடிச்சவங்கள்ல ஒருத்தனுக்கு அவர் கையாலேயே திடப்படுத்தல், அதாவது சபையில முழு அங்கமாச் சேர்க்குற சடங்கு, கொடுத்தார். இதை அவர் சொன்னா நான் கேட்பேன். ஏர்கான்ல உட்கார்ந்துக்கிட்டு நான் உனக்குச் சொன்னா நீ கேட்க வேணாம்.

நைட்ஷிப்ட்_மேரி:

இப்ப தான் வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல உட்கார்ந்து படிச்சேன். தாத்தா சொன்னதுக்கு மேல ஆவிக்குரிய விஷயம் என்கிட்ட இல்ல, நான் நர்ஸ், வேற ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

டயாலிசிஸ் முடிஞ்சு வந்த அன்னைக்கு அவர் ஆளே மாறின மாதிரி கிடப்பார், பேசமாட்டார், அது பெரும்பாலும் உடம்புக் களைப்பு, உங்க மேல வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க. பல வாரம் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, டிப்ரஷனும் இதுல சகஜம். அப்புறம் மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பார்த்தீங்களா? மெடிஷீல்டு லைஃப் இன்சூரன்ஸ், மெடிசேவ் சேமிப்பு ரெண்டும் டயாலிசிஸ்க்கு உண்டு, அதுக்கு மேலயும் வருமானத்தைப் பொறுத்து உதவி இருக்கு. அவர் வேலை தேடுறதா இருந்தா ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஜாப்சீக்கர் சப்போர்ட்னு வேலை போனவங்களுக்கான உதவி 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கு, 6 மாசத்துல 6,000 வெள்ளி வரைக்கும், நிபந்தனை எல்லாம் செக் பண்ணிக்குங்க. கிட்னி கொடுக்க ரத்த சொந்தமா தான் இருக்கணும்னு இல்ல, அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. கேட்டா விசுவாசம் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்னு யாராச்சும் சொன்னா என்கிட்ட அனுப்புங்க லா.

ஜெயம்_ஜெயம்77:

தாத்தா சொன்னது யோசிச்சேன். சிஸ்டர் சாரி. எங்க அம்மாவுக்கும் உடம்பு முடியாம இருந்தப்ப எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாங்க, அதையே சொல்லிட்டேன்.

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் தேங்க்ஸ். ஜெயம் பிரதர், பரவாயில்லை, உங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு சொல்லுங்க. துவாஸ் தம்பி, நீ எழுதினதை அவருக்கும் படிச்சுக் காட்டினேன்.

சனிக்கிழமை சென்டருக்கு பைபிள் எடுத்துட்டுப் போனேன். யோபு எல்லாம் படிக்கத் தெம்பு இல்ல, சங்கீதம் 13 சின்னது, 6 வசனம் தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிச்சேன், மெஷின் சத்தத்துல அவருக்குக் கேட்குதோ இல்லையோன்னு கிட்டப் போய் வாசிச்சேன். கண்ணை மூடிக்கிட்டே கேட்டார். ரெண்டாவது வசனம் முடிஞ்சதும் கையைக் காட்டி நிறுத்துன்னார். அஞ்சாவதுல தான் நம்பிக்கையா இருப்பேன்னு வரும், இன்னும் கொஞ்சம் தாங்கன்னேன். "இன்னைக்கு இதுவரைக்கும் தான் எனக்கு ஆமென் சொல்ல முடியும், மீதியைச் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்"னார். அந்தப் பக்கத்துல பஸ் டிக்கெட் மாதிரி ஏதோ ரசீது கிடந்தது, அதையே வச்சு மூடிட்டேன்.