செயின் பறிப்ப மேப்புல போட்டா திருடன் சிக்குவானா?

வடசேரிக்காரன்:
நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல செயின் பறிப்பு, பைக் திருட்டுன்னு பேப்பர்ல வந்ததெல்லாம் சேத்து கியூஜிஐஎஸ்னு மேப் போடுற சாஃப்ட்வேர்ல ஏத்தி, கேசு நெறைய உள்ள எடம் செவப்பா தெரியுற ஹீட்மேப் போட்டேன், சாஃப்ட்வேர் ஃப்ரீதான். வடசேரி பஸ் ஸ்டாண்டும் மீனாட்சிபுரமும் செக்கச்செவேல்னு கெடக்கு. அங்க ரோந்த கூட்டுனா போதும்லா? அமெரிக்காவுல மினியாபோலிஸ் ஊர்ல, குற்றத்த பத்தி ஆராய்ச்சி பண்ணுற ஷெர்மனோட டீம் 1989ல கண்டதும் இதுதான், ஊர்ல வெறும் 3 சதவீத அட்ரஸ்லேருந்துதான் போலீசுக்கு வந்த போன் காலுல பாதி.

குழித்துறை அண்ணாச்சி:
மக்ளே, நான் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், கேட்டியா. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஏதோ முடுக்குல பறிகொடுத்தவளும் வந்து "வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம்"னுதான் சொல்லுவா, நாங்களும் அப்படியே எழுதுவோம், பேப்பர்காரனும் அப்படியே போடுவான், நீ அத்தனையையும் ஸ்டாண்டு நடுவுல குத்தி வச்சிருக்க. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் மேப்புலயே 2009ல இந்த கூத்து நடந்துது. அட்ரஸ் புரியாத கேசையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே எடத்துல கொண்டு தள்ளிட்டு, அது எங்கன்னா அவங்க ஹெட்குவாட்டர்ஸ் பக்கத்துலயே!

வடசேரிக்காரன்:
ஹாஹா சரி, புள்ளி தப்புன்னா திருத்திக்கலாம். அதுக்காக மேப்பே வேண்டாமா? நீங்க ஸ்டேஷன் செவத்துல மேப் மாட்டி குண்டூசி குத்துனதில்லையா

தக்கலை மருமகள்:
குண்டூசியும் கேசு எழுதுனாத்தான குத்துவாவ? எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெளுப்பாங்காலம் பூசைக்கு போற வழியில மூணு பவுன் போச்சு, ஸ்டேஷனுக்கு யாரு அலையன்னு விட்டுட்டாவ. ஒங்க மேப்புல எங்க தெரு வெள்ளை. பஸ் ஸ்டாண்டுல நாளைக்கு எத்தன ஆயிரம் பேரு வாறாவ, அத வச்சு வகுத்து பாத்தியளா? மணி போட்டியளா? காலைல அஞ்சு மணிக்கு நடக்குறதுக்கு சாயங்காலம் ரோந்து வந்து என்னத்துக்கு

குழித்துறை அண்ணாச்சி:
அப்படி கேளு. செவப்பா இருக்கேன்னு போலீச அங்கயே நிறுத்துனா அங்கதான் கேசு விழும், அடுத்த மேப்பு இன்னும் செவக்கும். இப்படி கம்ப்யூட்டர் சொல்லுத எடத்துக்கு போலீச அனுப்புதத அமெரிக்காவுல சாண்டா குரூஸ் ஊர்ல 2020ல தடையே பண்ணிட்டானுவ. நம்ம களியக்காவிளைய எடுத்துக்க, அறுத்தவன் அடுத்த நிமிசம் பாறசாலையில நிப்பான், ஒனக்க மேப்பு பார்டரோட தீந்து போச்சு.

வடசேரிக்காரன்:
கேரளா பக்கத்தையும் சேக்கணும், ஒத்துக்கிடுகேன். ஆனா சாண்டா குரூஸ்ல தடை பண்ணுனது நாளைக்கு எங்க நடக்கும்னு ஜோசியம் சொல்லுத சாஃப்ட்வேர, நான் நடந்தத குறிக்கேன், ரெண்டும் ஒண்ணா அண்ணாச்சி? மணி வாரியா பிரிச்சு திரும்ப போடுகேன். அக்கா, அந்த தெருவுல லைட்டு எரியுதா?

தக்கலை மருமகள்:
மூணு கம்பம், ஒண்ணுதான் எரியுது. அத முதல்ல மேப்புல போடுங்க

குழித்துறை அண்ணாச்சி:
போடு, ஆனா வீட்டு நம்பர் போட்டுராத லே. களவு போன வீடுன்னு தெரிஞ்சா வாடகைக்கு ஒருத்தனும் வரமாட்டான்.