வளவு வீட்டில் கால் சென்டர் வேலை: கேபிள் யோசனை வேணும்

செட்டிநாட்டுப் பழைய வளவு வீட்டிலிருந்து (நடுவுல முற்றம் வச்ச வீடு) கஸ்டமர் சப்போர்ட் பாக்குறவங்க சொல்லுங்க. ரவுட்டர் முகப்புல, வேலை ரெண்டாங்கட்டுல (உள்ள தள்ளியிருக்குற ரெண்டாவது பகுதி). ஸ்பீடு பிரச்சினையில்ல, ஒரு போன் காலுக்கு 100 கேபிபிஎஸ் போதும். கனத்த சுவர் தாண்டுனா பாக்கெட் லாஸ் (வழியில தொலையுற டேட்டா) 3 சதவீதம், கஸ்டமர் பேசுறது வெட்டி வெட்டிக் கேக்குது. ரிப்பீட்டர் போட்டதுல ஜிட்டர் (டேட்டா வந்துசேர்ற நேரம் முன்னப்பின்ன ஆகுறது) கூடினதுதான் மிச்சம்.

கேட்6 நெட்வொர்க் கேபிள் 40 மீட்டர் இழுத்தா தீரும். 100 மீட்டர் வரை தாங்கும். ஆனா சுண்ணாம்புப் பூச்சுல துளை போட்டா பாளம் பாளமா உதிரும், தேக்கு நிலைல ஆணியடிக்க அப்பத்தா விடமாட்டாங்க. வளவு ஓரமா, மழைச்சாரல் படாம கொண்டுபோனவங்க எந்த பைப்பு, எப்படி மாட்டுனீங்க?

இன்னொண்ணு: இன்வெர்ட்டர் மாறுற நொடியில ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி கால் கட்டாகுது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணுலயே ஃபைபர் பெட்டி, ரவுட்டர் ரெண்டும் ஓடுமா? ஒவ்வொண்ணும் 1 ஆம்பியர்.