காவல் கொட்டிலில் கேட்ட சோனிக் யூத்

இந்த ஆல்பத்தைக் கேட்ட கதையை ஆளாளுக்குச் சொல்லுவம், நானே தொடங்குறேன். போன பெரும்போகம், கதிர் பால் பிடிக்கிற நேரம். பன்றி இறங்குமென்று அப்பாவும் நானும் முறை வைத்துக் காவல் கொட்டிலில் படுத்தோம். நித்திரை வரக்கூடாதென்று, கனடாவிலிருந்து சித்தப்பாவின் மகன் அனுப்பிய பாட்டுகளை ஃபோனில் போட்டேன். அதற்குள் கிடந்ததுதான் ‘பேட் மூன் ரைசிங்’, நியூயோர்க் இசைக்குழு சோனிக் யூத்தின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம், 1985இல் வந்தது. முதல் நிமிடத்திலேயே இயர்போன் வயர் அறுந்துபோச்சோ என்று தடவிப் பார்த்தேன்.

ஒரு பாட்டு முடிந்தால் கொஞ்சம் ஓய்வு வரவேண்டும்தானே? வராது, ஒன்று அடங்க முதலே ஏதோ இரைந்துகொண்டு அடுத்ததற்குள் போய்விடும். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பாட்டுக்குப் பாட்டு கித்தாரை வேறு சுருதிக்கு மாற்றுகிறவர்கள், மேடையில் ஒருவர் முறுக்கிக்கொண்டிருக்க மற்றவர் சும்மா நிற்காமல் எதையாவது வாசித்து இடையை நிரப்புவார், அந்தப் பழக்கம் அப்படியே ஆல்பத்துக்கும் வந்துவிட்டது. எனக்குப் பாட்டுகளைவிட அந்த இடைச்சத்தம்தான் பிடித்தது. எண்ணெய் முடியப்போகிற தண்ணி மிசின் இழுத்து இழுத்து ஓடுமே, அப்படி.

விடிய அப்பா ஃபோனை வாங்கி அட்டைப் படத்தைப் பார்த்தார். பூசணித் தலை வைத்த வெருளி, உடம்பில் நெருப்பு, பின்னால் நியூயோர்க் கட்டடங்கள். “ஆர் உதைக் கொளுத்தினது? அப்ப வயலுக்கு என்ன காவல்?” என்றார். பூசணி வீணாய்ப் போனதிலும் அவருக்குக் கவலை.

முல்லைத்தீவிலிருந்து:
அண்ணை, கடைசிப் பாட்டைச் சொல்லாமல் விட்டுட்டீங்கள். ‘டெத் வேலி 69’, 1969இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மான்சனின் கும்பல் செய்த கொலைகளைப் பற்றியது, பாடகி லிடியா லஞ்சும் சேர்ந்து பாடுவா, தொடக்கமே ஒரு கத்தல். நான் அதை வீட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கையில் மாவோடு குசினியிலிருந்து ஓடி வந்து, என்னைப் பிடித்துக் கீழே இருத்தினா. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தா, திரும்பிப் போய் பிட்டைக் கவனித்தா. இப்ப அந்தப் பாட்டு இயர்போனில் மட்டும்தான்.

மாங்குளத்திலிருந்து:
சோனிக் யூத் ஆக்கள் கித்தார்க் கம்பிக்கு அடியில் ஸ்குரூ டிரைவர், டிரம் குச்சி எல்லாம் செருகி வாசிப்பாங்கள் என்று அறிந்து நானும் செருகினேன். அவங்களிடம் மலிவான பழைய கித்தார் பல இருந்தன, ஒவ்வொன்றையும் ஒரு சுருதிக்கென்றே வைத்திருந்தாங்கள். என்னிடம் ஒன்றுதான், அதுவும் தேவாலயப் பாடகர் குழுவினுடையது. ஒரு அரை நிமிடம், சரி, உண்மையாகவே கோயில் மணி மாதிரி ஒரு நாதம் வந்தது, அப்புறம் இரண்டு கம்பி போய்விட்டது. கிளிநொச்சிக் கடையில் தனிக் கம்பி இல்லையாம், முழுச் செட்டாகத்தான் எடுக்கவேணுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் காசு பார்க்கவேணும்.