வெள்ளோட்டம் வேறு, வெற்றோட்டம் வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

கோப்புச் சேமிப்பகத்தைப் புதிய சர்வருக்கு மாற்றுமுன் செய்துபார்க்கும் சோதனையை நம் மென்பொருள் மொழிபெயர்ப்பில் ‘முன்னோட்டம்’ என்று சொல்லலாம் என நேற்று பலரும் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அச்சிடுமுன் பக்கத்தைக் காட்டுவதற்கு ‘அச்சு முன்னோட்டம்’ என்று அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம்.

நம்மிடம் ‘வெள்ளோட்டம்’ இருக்கிறது. தேரைப் புதிதாகச் செய்தால் திருவிழாவுக்கு முன் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். திருவாரூர் ஆழித்தேரைப் புதுப்பித்த பின் 2015இல் அப்படித்தான் ஓட்டினார்கள். அதே தேர், அதே வடம், அதே வீதித் திருப்பம். சுவாமி மட்டும் எழுந்தருள்வதில்லை. நாம் செய்வதும் அதுவே. உண்மையான கோப்புகள் புதிய வட்டுக்குப் போகின்றன. பயனர்கள் மட்டும் பழைய இடத்திலேயே வேலை செய்கிறார்கள்.

ஆனால் எதையும் நகர்த்தாமல் ஒப்புக்கு ஓட்டிப் பார்க்கும் ‘டிரை ரன்’னுக்கும் இதே சொல் போதும் என்ற யோசனையை ஏற்கவே கூடாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மென்பொருளில் டிரை ரன் கொடுத்தால் எவை நகரும் என்று பட்டியல் வரும். ஒரு பைட்டும் நகராது. சென்ற ஆண்டு ஒரு நூலகத்தின் ஸ்கேன் கோப்புகளை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். பட்டியல் பழுதில்லாமல் வந்தது. புதிய வட்டில் கோப்புறைகளே உருவாகாதபோது அங்கே எதைச் சோதிக்க முடியும்? நிஜமாக நகலெடுத்தபோதுதான் ‘பெயர் மிக நீளம்’ என்று கோப்புகள் வரிசையாக நின்றன.

காரணம் நம் எழுத்து. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒரு கோப்பின் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. லினக்ஸில் உள்ள இஎக்ஸ்டி4 தருவதோ 255 பைட்டுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘திருவாரூர்’ ஐந்தெழுத்துதான், ஆனால் எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் குறியீடுகள் 10, பைட்டுகள் 30. எட்டுமுறை எழுதினால் 240, ஒன்பதாம் முறைக்கு இடமில்லை. நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு எல்லாம் சேர்த்து அக்கறையாகப் பெயரிட்ட கோப்புகள்தான் முதலில் சிக்கின. அந்த உழைப்பைப் பார்த்தபோது மனம் வலித்தது.

ஆகவே டிரை ரன் ‘வெற்றோட்டம்’ ஆகட்டும். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன என்றால் ‘பட்டியலோட்டம்’ என்றாலும் சம்மதம். வெள்ளோட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசி மாற்றத்துக்கு ‘இறுதிப் பெயர்ச்சி’ போதும். ‘புலம்பெயர்வு’ மனிதர்களுக்கு உரியது, வட்டுகளுக்கு வேண்டாம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்படி வைத்துப் பாருங்கள்: “வெள்ளோட்டம் முடிந்தது. 12 கோப்புகள் நகரவில்லை. இறுதிப் பெயர்ச்சிக்கு முன் அவற்றைச் சரிசெய்யவும்.”