எண் போட்டு வந்த கசெற்றுகள்: கையில கிடைச்ச ஆக்கள் சொல்லுங்கோ

முள்ளியவளையிலிருந்து

வெளிநாட்டில ரெண்டு மூண்டு பெடியள் சேர்ந்து நடத்திற ஒரு சின்ன இசை வெளியீட்டகம் எங்கட பக்கத்துக் கோவலன் கூத்தைப் பதிஞ்சு 100 கசெற் மட்டும் போட்டிருக்கு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த மச்சான் கொண்டுவந்து காட்டித்தான் எனக்கே தெரியும். அவன்ர கையில இருந்தது 41ஆவது. உள்ளட்டையில பேனையால எண் எழுதியிருந்தது. மை காய முன்னம் மடிச்சிருக்கினம் போல, எதிர்ப்பக்கத்திலயும் அந்த 41 இடம்வலம் மாறி மெல்லிசா ஒட்டிக் கிடந்தது. பாடின ஆக்கள், மத்தளம் அடிச்ச ஆள், ஆருடைய பேரும் விடுபடேல்லை. அந்த மரியாதையை நான் மதிக்கிறன்.

ஆனா கூத்தைப் பழக்கிப் பாடின அண்ணாவியாரிட்டை ஒரு கசெற்றும் இல்லை. எல்லாம் வெளியிலயே வித்து முடிஞ்சுதாம்.

மச்சானிட்டைக் கெஞ்சி ஒருநாளைக்கு வாங்கினன். போட்டுக் கேக்க டெக் வேணுமே. தெரிஞ்ச திருத்துகடையில ஒண்டு கிடந்தது. உள்ளுக்க ரப்பர் பெல்ட் உருகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. கடைக்காரத் தம்பி ஸ்பிரிற்றால துடைச்சு வேற பெல்ட் போட்டுத் தந்தார். காசு வாங்கேல்லை. கூத்தெண்டதும் தானும் வாறன் எண்டு கூடவே வந்திட்டார்.

அண்ணாவியார் ஐயா விறாந்தையில இருந்து கேட்டார். முல்லை மோடி எண்ட எங்கட முல்லைத்தீவுக் கூத்து விடிய விடிய ஆடுறது. கசெற்றோ 60 நிமிசம், பக்கத்துக்கு 30. முதல் பக்கம் முழுக்க விரல் தொடையில தாளம் போட்டபடி இருந்தது. இடையில ஒருக்கா மட்டும், “இந்த இடத்தில மத்தளம் முந்துது” எண்டார். ரெண்டாம் பக்கத்தில ஒரு விருத்தம் போய்க்கொண்டிருக்கேக்கை ரேப் முடிஞ்சு டக்கெண்டு பொத்தான் எழும்பிச்சு. மனுசன் நிக்கேல்லை. விட்ட சொல்லில இருந்து, அதே சுருதியில, மிச்ச விருத்தத்தைத் தானே பாடி முடிச்சார். முடிச்சிட்டுத்தான் கேட்டார்: “தம்பி, மிச்சம் எங்கை?”

அந்தக் கேள்வியைத்தான் நான் வெளியீட்டக ஆக்களுக்கு எழுதினன். ராவு முழுக்கப் பதிஞ்சது தங்களிட்டை இருக்கெண்டு மரியாதையாத்தான் பதில் போட்டவை. அனுப்புறம் எண்டவை. இன்னும் வரேல்லை.

குறைவா அடிக்கிறதில எனக்குக் கோபமில்லை. கைக்காசு போட்டுச் செய்யிற ஆக்கள், ஆயிரம் அடிச்சா முக்கால்வாசி வீட்டிலதான் கிடக்கும். ஆனா நூறில பத்தைப் பாடின ஆக்களுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எண்டு முதல்லயே எடுத்து வைக்கேலாதோ?

கிளிநொச்சியிலிருந்து

அண்ணை, உங்கட கதையை வாசிச்சாப் பிறகு எங்கட சித்தப்பாவின்ர பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கேலாது. தொண்ணூறுகளில வன்னிக்க வந்த எல்லாமே குறைஞ்ச பிரதிதானே. புதுக் கசெற் கிடைக்கிறது அருமை. மேலால பதியேலாமல் இருக்க விளிம்பில காது உடைச்சிருந்தா அந்த ஓட்டைக்குச் செலோரேப் ஒட்டிப்போட்டு மேலாலயே பதியிறது. அப்பிடி எத்தினை பாட்டு அழிஞ்சிருக்கும்!

சண்டைக் காலம், பற்றறிக்கு அரசாங்கத் தடை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, டயனமோவில இருந்து வயர் இழுத்து, டயோட் போட்டுத்தான் றேடியோ, ரேப் எல்லாம். நான்தான் பெடல் சுத்திறது. கை ஓய்ஞ்சா பாடுறவரின்ர குரலும் இறங்கும். “சுத்தடா, ஆள் நித்திரையாகப் போறார்” எண்டு சித்தப்பா கத்துவார். சில பாட்டுகளின்ர உண்மையான வேகத்தை நான் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை 2002இல திறந்தாப் பிறகுதான் கேட்டனான்.

2009இல கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்கை பெட்டியைப் பொலித்தீனால சுத்திக் கிணத்தடியில தாட்டிட்டுப் போனார். செட்டிக்குளம் அகதி முகாமால வந்து கிண்டிப் பாத்தா, பெட்டி இருந்தது, தண்ணி உள்ளட்டிருந்தது. ரேப் சுத்துக்குச் சுத்து ஒட்டி, வெள்ளையாப் பூஞ்சணம். ஒண்டும் மிஞ்சேல்லை. பாதை திரும்பப் பூட்ட முன்னம் வவுனியாவில இருந்த பெரியம்மாவுக்கு அவர் அடிச்சுக் குடுத்த ஒரு கசெற் மட்டும் இருக்கு. அரிவி வெட்டுப் பாட்டுகள், பாடினது எங்கட அம்மம்மாவோட வயலுக்குப் போன சனம். பூட்டி வைச்சது போச்சு, குடுத்தது இருக்கு. அதால அந்தப் பத்தைக் கட்டாயம் கேளுங்கோ, அண்ணை.

வவுனியாவிலிருந்து

நான் இசைத்தட்டு வாங்கின ஆள். ஒரு குட்டி நிறுவனம் போட்ட எங்கட பழைய பொப்பிசைத் தொகுப்பு, 12 அங்குலம். சித்திரை வெயிலில பார்சல் எங்கையோ வானுக்க கிடந்து, வந்து சேரேக்கை அப்பளம் மாதிரி நெளிஞ்சிருந்தது. ஊசி ஏறி இறங்குது. நல்லகாலம், உறைக்குள்ள தரவிறக்கக் குறியீடு ஒண்டு வைச்சிருந்தவை, போனில கேக்கிறன். எங்கட வெக்கைக்குக் கசெற்றோ சீடியோதான் தோது.

முள்ளியவளையிலிருந்து, திரும்பவும்

எழுதின எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சித் தம்பி, அந்த அரிவி வெட்டுக் கசெற்றை முதல் கணினியில ஏத்துங்கோ. நூலகம் நிறுவனம் 2005இல இருந்து எங்கட புத்தகம், பத்திரிகை எல்லாம் இணையத்தில ஏத்தி வருது, ஒலிப்பதிவுகளும் சேக்கினம். அங்க ஒரு பிரதி குடுத்து வைச்சா ஒரு வீட்டை மட்டும் நம்பி இருக்கத் தேவையில்லை.

வெளியீட்டகத்துக்கு இண்டைக்குத் திரும்பவும் எழுதியிருக்கிறன்: ஐயாவுக்கு ஒரு கசெற், முழு ராவுப் பதிவின்ர கோப்பு, இனிப் பதிய வாற ஊர்களில எத்தினை பிரதி ஊருக்கெண்டு முதல்லயே எழுத்தில. ஐயாவுக்கு எண்பது தாண்டிட்டுது, அதையும் எழுதினனான்.

டெக் இப்ப என்னட்டைத்தான் இருக்கு. பழைய கூத்துக் கசெற் வைச்சிருக்கிறவை கொண்டுவாங்கோ, பதிஞ்சு தாறன். பூஞ்சணம் பிடிச்சதெண்டா வீட்டில போட்டுப் பாக்க வேண்டாம். ரேப் அறுந்திடும், ஹெட்டில ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் தொத்தும். அப்பிடியே கடதாசியில சுத்திக் கொண்டுவாங்கோ.