‘லோ பிளாக்’குக்குத் தமிழ்ச் சொல்: மொராக்கோ அணியின் ஆட்டங்களை முன்வைத்து

அன்பின் குழுமத்தினருக்கு,

வணக்கம். காற்பந்தில் ‘லோ பிளாக்’ எனப்படுவதற்கு இந்த இழையில் இதுவரை தற்காப்பு ஆட்டம், தற்காப்புச் சுவர், தாழ் தொகுதி, வியூகம், நொச்சி என்னும் ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. இவற்றை அகராதியை விரித்து வைத்துக்கொண்டு எடைபோடுவதைவிட, இந்தக் கருத்தைச் சுற்றிப் பெரிய வாதமே நடந்த ஓர் அணியின் ஆட்டங்களை இச்சொற்களால் எழுதிப் பார்ப்பது நல்ல சோதனையாக இருக்கும் என்று கருதுகிறேன். அதற்கு 2022 உலகக் கோப்பையில் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியான மொராக்கோவை எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டு விளையாட்டுப் பக்கங்களில் பிரெஞ்சு வழியாக ‘பிளாக் பா’ என்று வழங்கும் இதே சொல், அப்போதைய பயிற்சியாளர் வாலித் ரெக்ராகியைப் புகழ்வதற்கும் பழிப்பதற்கும் மாறி மாறிப் பயன்பட்டிருக்கிறது.

முதலில் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பந்து எதிரணியிடம் இருக்கும்போது, கோல்கீப்பர் நீங்கலாக உள்ள பத்துப் பேரும் தமக்குள் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டு, ஒரே உருவாக நின்று, பந்து போகும் பக்கமெல்லாம் சேர்ந்தே நகர்வதைத்தான் ‘பிளாக்’ என்கிறார்கள். அவ்வுரு தன் கோலுக்கு அருகில் நின்றால் ‘லோ’, நடுக்கோட்டை ஒட்டி நின்றால் ‘மிட்’, எதிரணியின் கோலை நெருங்கி நின்றால் ‘ஹை’. ஆகவே இது 4-1-4-1 (பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு வரிசையிலும் நிற்போரின் எண்ணிக்கை) போன்ற வீரர் அடுக்கின் பெயரும் அன்று, பின்கள வீரர் நால்வரின் பெயரும் அன்று; கோழைத்தனத்தின் பெயர் அன்று என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நமக்குத் தேவைப்படுவது ஒரு சொல் அன்று, மூன்று சொற்கள் கொண்ட ஒரு குடும்பம். அணி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாமல் என்ன மனநிலையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எந்தச் சொல்லும் இங்கே பயன்படாது.

இந்த அளவுகோலில் ‘தற்காப்பு ஆட்டம்’ உடனே விழுந்துவிடுகிறது. ‘தற்காப்புச் சுவர்’ என்பதில் வேறொரு சிக்கல் உண்டு. ஃப்ரீ கிக்கின்போது வரிசையாக நிற்பவர்களைச் ‘சுவர்’ என்று நம் வாசகர்கள் ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டார்கள். மேலும் சுவர் ஒற்றை வரிசை. நாம் பேசுவதோ மூன்று வரிசைகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளியும் சேர்ந்தது. ‘தாழ் தொகுதி’ என்பதைப் படித்ததும், மொராக்கோ எந்தத் தொகுதியில் நின்றது, வைப்புத் தொகை திரும்பக் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘வியூகம்’ என்பதை நாளிதழ்கள் எல்லா உத்திகளுக்கும் எல்லா அடுக்குகளுக்கும் செலவழித்துவிட்டன. அதைத் திரும்பப் பெற்று ஒரு குறிப்பிட்ட பொருளில் நிறுத்துவது இனி இயலாது.

‘நொச்சி’யைப் பரிந்துரைத்த நண்பரின் நுட்பத்தை மனமாரப் பாராட்டுகிறேன். மதிலை வளைப்போர் உழிஞை சூட, உள்ளிருந்து காப்போர் நொச்சி சூடும் மரபு இக்கருத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் இடை நொச்சி, முன் நொச்சி என்று அதை நீட்ட முடியவில்லை. தவிர, ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்புக் கேட்கும் சொல் ஆட்ட வருணனையில் நிலைக்காது.

என் பரிந்துரை ‘அரண்’. அடைமொழியாகத் தாழ், உயர் என்பவற்றை விட்டுவிட்டுப் பின்னரண், இடையரண், முன்னரண் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். பயிற்சியாளரின் பலகையில் ஆடுகளம் செங்குத்தாக வரையப்பட்டுத் தன் கோல் அடியில் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் ‘லோ’ என்றும் பிரெஞ்சில் ‘பா’ என்றும் ஆயிற்று என்று தோன்றுகிறது. பார்வையாளருக்கோ ஆடுகளம் திரையில் கிடைமட்டமாகத் தெரிகிறது. அவர் முன்னேறினார்கள், பின்வாங்கினார்கள் என்று பேசுகிறாரேயன்றி ஏறினார்கள், இறங்கினார்கள் என்று பேசுவதில்லை. தாழ்வு என்ற சொல்லின் இழிவுச் சாயலும் இதனால் தானே நீங்கிவிடும்.

இனி ஆட்டங்களுக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்குச் சுமார் மூன்று மாதங்களே இருந்த நிலையில், வாஹித் ஹலில்ஹோட்ஜிச் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஹக்கீம் ஜியேஷ், நுசைர் மஸ்ராவி ஆகிய முன்னணி வீரர்களை அவர் அணியில் சேர்க்காமல் வைத்திருந்தது நாடளாவிய சர்ச்சையாக இருந்தது. அவருக்குப் பின் வந்த ரெக்ராகி, அதே ஆண்டு மே மாதத்தில் மொராக்கோவின் விதாத் கழகத்துக்கு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்தவர். இருவரையும் அவர் திரும்ப அழைத்தார். சிலி, பராகுவே, ஜார்ஜியா ஆகியவற்றுக்கு எதிரான மூன்று நட்பு ஆட்டங்களே உலகக் கோப்பைக்கு முன் அவருக்குக் கிடைத்தன. நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் மொராக்கோவிலுமாக வெவ்வேறு பள்ளிகளில் பயின்ற வீரர்களைக் கொண்டு இவ்வளவு குறுகிய காலத்தில் நுட்பமான தாக்குதல் அமைப்பை உருவாக்குவது கடினம். பந்து இல்லாதபோது யார் எங்கே நிற்பது என்பதை அதைவிட விரைவாகக் கற்பித்துவிடலாம். ரெக்ராகி அரணை நம்பியதை அச்சத்தின் விளைவாகப் பார்ப்பவர்கள் இந்தக் கால நெருக்கடியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வீரர் தேர்வு விவாதத்துக்கும் இந்தச் சொல் ஒளி தருகிறது. ஜியேஷ் குறித்த சண்டையை நட்சத்திரத்துக்கும் பயிற்சியாளருக்கும் இடையிலான மானப் பிரச்சினையாகவே பலரும் எழுதினார்கள். ரெக்ராகி காலத்தில் கேள்வி வேறாயிற்று: வலப்புறத்தில் அஷ்ரஃப் ஹக்கீமிக்கு முன்னால் நிற்கும் ஜியேஷ், பந்து பறிபோனதும் அரணுக்குள் திரும்புவாரா, மாட்டாரா? கத்தாரில் நடந்த அந்த உலகக் கோப்பையில் அவர் திரும்பினார். இடப்புறம் சோஃபியான் பூஃபாலும் அவ்வாறே செய்தார். நால்வர் கொண்ட இரு வரிசைகளுக்கும் நடுவே உள்ள வெளியைச் சோஃப்யான் அம்ராபத் ஒருவரே காத்தார். பந்தைக் கொண்டு என்ன செய்வார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அரணில் எந்த இடத்தை அடைப்பார் என்பதையும் பார்த்தாக வேண்டும். ‘தற்காப்பு ஆட்டம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள், வராது.

டிசம்பர் 6ஆம் தேதி ஸ்பெயினுடன் நடந்த ஆட்டத்தில் எதிரணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் ஆடியும் 120 நிமிடங்களில் கோல் அடிக்க முடியவில்லை. பெனால்டிகளில் மூன்றையும் ஸ்பெயின் தவறவிட, மொராக்கோ 3-0 என்று வென்றது. இதை எல்லோரும் பின்னரண் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி நேரம் அது இடையரணாகத் தொடங்கி, தேவைப்பட்டபோது மட்டும் பின்வாங்கியது. முன்கள வீரர் யூசுஃப் என்-நெசிரி எதிரணியின் பின்கள வீரர்களை விரட்டாமல், ஸ்பெயினின் நடுக்கள வீரர் செர்ஹியோ பஸ்கெட்ஸுக்குப் பந்து செல்லும் வழியை மறித்து நின்றதே அந்த அரணின் வாயிற்கதவாக இருந்தது. நான்கு நாள் கழித்துப் போர்ச்சுகலுக்கு எதிராக, 42ஆம் நிமிடத்தில் என்-நெசிரி தலையால் கோல் அடித்து, இடைவேளைக்குப் பின் அணித்தலைவர் ரொமான் சாயிஸும் காயத்தால் வெளியேறிய பிறகுதான் முழுமையான பின்னரணைக் கண்டோம். இரண்டு ஆட்டங்களும் ஒன்றல்ல. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் பயிற்சியாளர் செய்த வேறுபாடே மறைந்துபோகிறது.

பிரான்சுக்கு எதிரான அரையிறுதிதான் கலைச்சொல்லுக்குக் கடுமையான சோதனை. ரெக்ராகி பின்வரிசையில் ஐவரை நிறுத்தித் தொடங்கினார். பின்கள வீரர் நாயிஃப் அகர்த் ஆட்டம் தொடங்குமுன்பே விலக நேர்ந்தது. 5ஆம் நிமிடத்தில் பிரான்சின் தியோ ஹெர்னாண்டஸ் கோல் அடித்தார். முழு உடற்தகுதி பெறாமலே களமிறங்கிய சாயிஸ் 21ஆம் நிமிடத்தில் வெளியேறினார். அதன்பின் நால்வர் வரிசைக்குத் திரும்பிய மொராக்கோ பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தாக்கியது. பிரான்ஸ்தான் பின்னரணுக்குள் சென்று காத்திருந்து 79ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோலையும் அடித்தது. ஐவர் நின்றால் பின்னரண், நால்வர் நின்றால் இல்லை என்று எண்ணுவோர் இந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். அடுக்கு வேறு, அரண் வேறு.

இதன் மறுபக்கம் 2024 ஜனவரி 30 அன்று ஐவரி கோஸ்டின் சான் பெத்ரோவில் வெளிப்பட்டது. ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் வெளியேற்றச் சுற்றில், ஹ்யூகோ ப்ரூஸ் பயிற்றுவித்த தென்னாப்பிரிக்கா பந்தை மொராக்கோவிடமே விட்டுவிட்டுப் பொறுமையாக நின்றது. காயமுற்ற ஜியேஷ் இல்லாத மொராக்கோவால் அந்த அரணைப் பிளக்க முடியவில்லை. ஹக்கீமியின் பெனால்டி குறுக்குச் சட்டத்தில் பட்டது. அம்ராபத் சிவப்பு அட்டை பெற்றார். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. கத்தாரில் அரண் கட்டியவர்களுக்கு அரணை உடைக்கத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு அன்றுதான் வலுப்பெற்றது. என் கருத்தில் அது நியாயமான குற்றச்சாட்டே. ஆனால் கத்தார் ஆட்டங்களையும் சேர்த்து இழிவுபடுத்த அதைப் பயன்படுத்தியது நியாயமில்லை.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

மறுமொழி:

அன்புடையீர், வணக்கம்.

முன், இடை, பின் என்ற அடைமொழிகளை முழு மனத்துடன் ஏற்கிறேன். ‘அரண்’ குறித்து மட்டும் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, அரண் அசையாதது. தாங்களே எழுதியபடி, இவ்வுரு பந்தைத் தொடர்ந்து இடமும் வலமும் நகர்கிறது. நகராவிட்டால் அது ‘பிளாக்’ ஆகாது. இரண்டாவது, ஈழத்து வாசகர்களாகிய எங்களுக்குக் ‘காவலரண்’ என்பது பழம்பாடலில் வரும் சொல்லன்று. வீதியோரத்தில் மண்மூட்டைகளுடன் நின்ற ஒன்று. விளையாட்டுப் பக்கத்தில் அதனைக் காண்பது சிலருக்கு உவப்பாக இராது. ஆகவே ‘செறிவு’ என்பதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்செறிவு, இடைச்செறிவு, முன்செறிவு என்றால் வீரர்களிடையே இடைவெளி சுருங்குவதும் விளங்கிவிடும். ஸ்பெயினுக்கு எதிராக மொராக்கோவின் வலிமை நின்ற இடத்தில் இருந்ததைவிட அந்தச் சுருக்கத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

மறுமொழிக்கு மறுமொழி:

அன்பின் நண்பருக்கு,

தங்கள் இரண்டாம் தயக்கத்துக்கு என்னிடம் வாதம் இல்லை. அனுபவித்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதே முறை. ஆயினும் தனி ‘அரண்’ பாதுகாப்பு என்னும் பொதுப்பொருளில் இரு நாட்டு எழுத்திலும் இன்றும் வழங்குவதால், ‘காவலரண்’ என்ற கூட்டுச்சொல்லை மட்டும் தவிர்த்துவிட்டு இதை வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பக்கத்து நண்பர்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

முதல் தயக்கத்தைப் பொறுத்தவரை, அசைவை வினைச்சொல்லிடம் ஒப்படைக்கலாம்: அரண் வலப்புறம் பெயர்ந்தது, அரண் முன்னேறியது என்று எழுதும்போது வாசகர் தடுமாறுவதாகத் தெரியவில்லை. ‘செறிவு’ நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் வேறொரு வேலைக்கு. பின்னால் நிற்கும் எல்லா அணிகளும் செறிவாக நிற்பதில்லை. பிரான்சுக்கு எதிரான முதல் கோலில் மொராக்கோவின் பின்வரிசையில் ஐவர் இருந்தும் நடுவில் வழி திறந்துகொண்டது. அங்கே அரண் இருந்தது, செறிவு இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது. ஆகவே வீரர்களிடையே உள்ள நெருக்கத்தின் அளவுக்குச் செறிவு என்றும், அவ்வாறு நிற்கும் உருவுக்கு அரண் என்றும் பிரித்து வைப்போம்.

சொற்பட்டியலுக்கான வரைவு:

அரண்: பந்து எதிரணியிடம் இருக்கும்போது களவீரர் பதின்மரும் இணைந்து அமைக்கும், பந்தைத் தொடர்ந்து பெயரும் உரு. தன் கோலுக்கு அருகில் அமைந்தால் பின்னரண். நடுக்கோட்டை ஒட்டினால் இடையரண். எதிரணியின் பகுதியில் அமைந்தால் முன்னரண். வினைகள்: அரண் அமைத்தல், பெயர்தல், பிளத்தல். வீரர் அடுக்கைக் குறிக்கப் பயன்படுத்தலாகாது.

திருத்தங்களை இந்த இழையிலேயே எழுதுங்கள். பந்து வைத்திருக்கும் எதிரணி வீரரை நெருங்கி அழுத்துவதான ‘பிரெஸ்ஸிங்’ என்பதற்கு ஒருவர் ‘நெருக்கல்’ என்று எழுதியிருந்தார். முன்னரணுடன் பிணைந்த சொல் என்பதால் அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்