பிளஸ் ஒன் பசங்களே திட்டம் போட்டுப் போற ஒருநாள் பயணம்: எங்கே போகலாம், எங்கே சொதப்பும்?

பெருந்துறை_அம்மிணி:

வணக்கமுங்க. எங்க வீதியில 15, 16 வயசுல அஞ்சு புள்ளைங்க இருக்காங்க. மூணு பொண்ணு, ரெண்டு பையன். பரீட்சை முடிஞ்சதும் ஒரு நாள் எங்காவது போகணும்ங்கிறாங்க. வேன் புடிச்சு, பாட்டுப் போட்டு, நாலு இடத்துல போட்டோ எடுத்துட்டு வர்ற பயணம் வேண்டாம்னு பெத்தவங்க நினைக்கிறோம். பஸ், ரயில்லதான் போகணும், திட்டத்தை அவங்களே போடணும், கூட ஒரே ஒரு பெரியவர் வருவார். பல வருசம் ஞாபகம் இருக்கிற மாதிரி, ஏதோ ஒண்ணை உருப்படியாத் தெரிஞ்சுக்கிட்டு வர்ற மாதிரி எங்கே அனுப்பலாமுங்க? செலவு ரொம்ப இழுக்கக் கூடாது. முன்னாடியே என்ன தயார் பண்ணணும், எங்கே சிக்கல் வரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல்சக்கரம்:

மேட்டுப்பாளையம் மலை ரயில். ஆனா ஊட்டி வரைக்கும் வேண்டாம், குன்னூரோட இறங்கிடச் சொல்லுங்க. பார்க்க வேண்டிய சங்கதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுலதான் இருக்கு. அதுக்கு மேல டீசல் எஞ்சின் மாட்டிடுவாங்க, பல் தண்டவாளமும் கிடையாது. நேரம் மிச்சம், காசும் மிச்சம்.

முதல்ல டிக்கெட். ஐஆர்சிடிசியில ஒரு டிக்கெட்டுக்கு ஆறு பேர்தான். நீங்க அஞ்சு புள்ளைங்க, ஒரு பெரியவர், கணக்காச் சரியா வருது. "எங்க பெரியம்மா பையனும் வர்றான்"னு ஏழாவது ஆள் சேர்ந்தா ரெண்டு டிக்கெட் ஆயிடும். ஒண்ணு உறுதியாகி இன்னொண்ணு வெயிட்டிங்ல நின்னா, சார்ட் போடும்போது அது தானா ரத்தாயிடும். பயணமே அங்கே உடையும். முன்பதிவு திறக்கிற அன்னிக்குக் காலையிலயே போட்டுடணும். கோடை விடுமுறை நாள்கள் சீக்கிரம் தீர்ந்துடும். 12 வயசு தாண்டினா முழுக் கட்டணம். ரெண்டாம் வகுப்பே போதும், ஜன்னல் எல்லாத்துக்கும் உண்டு. டிக்கெட்டுல பேர் இருக்கிற ஒருத்தராவது போட்டோ ஒட்டின அசல் அடையாள அட்டை வெச்சிருக்கணும். ஜெராக்ஸ் செல்லாது.

ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும். வழக்கமா நாளுக்கு ஒண்ணுதான் மேலே போகுது. பெருந்துறையிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியா வர்றதுன்னா விடியக்காலையில பஸ் மாறி மாறி ஓடணும். ஒரு பஸ் தவறினா எல்லாமே போச்சு. முந்தின நாள் பொழுதோட மேட்டுப்பாளையத்துல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கிறதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில மண்சரிவால வண்டியை நிறுத்திடுவாங்க. உங்களுக்குக் கோடைங்கிறதால அந்தத் தொல்லை குறைவு.

இப்போ பார்க்க வேண்டியது. கல்லாறு தாண்டினதும் தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவுல பல் வெட்டின ரெண்டு இரும்புப் பட்டை பக்கத்துப் பக்கத்துல ஓடும். ஒண்ணுல பல் இருக்கிற இடத்துல இன்னொண்ணுல பள்ளம் இருக்கும். நீராவி எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் ஒரு பட்டையை விடும்போது இன்னொரு பட்டையைக் கவ்விக்கிட்டிருக்கும், பிடி எப்பவும் விடாது. செங்குத்தான இடத்துல 12 அடி போனா ஓர் அடி ஏறும். சும்மா சக்கரத்தை மட்டும் நம்பினா வழுக்கிடும். எஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும். கொக்கி அறுந்தாலும் பெட்டி கீழே ஓடாம எஞ்சின் மேலயே சாய்ஞ்சு நிக்கும். "ஏன் தள்ளுது?"ன்னு புள்ளைங்களைக் கேளுங்க, உடனே பதிலைச் சொல்லிடாதீங்க. குன்னூர்ல இறங்கினதும், நீராவி உள்ளே போய்ச் சக்கரத்தை ஓட்டற சிலிண்டரை நடைமேடையில இருந்தே பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. கீழே இருக்கிறது சக்கரத்துக்கு. மேலே இருக்கிறது பல்சக்கரத்துக்கு, கீழே வேலை செஞ்சு வெளியே வர்ற நீராவியையே மறுபடி வாங்கி ஓடும். 1899-ல குன்னூர் வரைக்கும் விட்ட பாதை இது, 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது.

கையில செய்ய ஒரு வேலை: சாதாரண சுவர் வெப்பமானி ஒண்ணு எடுத்துட்டுப் போகட்டும். ஸ்டேஷன் பலகையில உயரம் எழுதியிருக்கும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,700. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையணும், அப்போ குன்னூர்ல 9 டிகிரி குறைவாக் காட்டணும். ஆனா காட்டாது! கிளம்பினது காலை ஏழு மணி, போய்ச் சேர்றது பத்து மணிக்கு மேல, அதுக்குள்ள வெயில் ஏறிடும். குன்னூர்ல இறங்கினதும் மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டு அந்த நேரத்து வெப்பத்தைக் கேட்டாத்தான் ஒப்பிட முடியும். இந்தத் தப்பை அவங்களே கண்டுபிடிக்கட்டும். வெப்பமானியை நிழல்ல அஞ்சு நிமிசம் வெச்சுப் படிக்கணும், கையில புடிச்சா உடம்புச் சூடு ஏறிடும்.

குரங்குத் தொல்லை உண்டு, வழியில வர்ற ஹில்குரோவ் ஸ்டேஷன்ல அதிகம். தின்பண்டம் ஜிப் போட்ட பைக்குள்ள இருக்கணும். நீலகிரியில ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில்தான். திரும்பி வர அரசு பஸ். பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் வேண்டாம், கார், வேன்ல போறவங்களுக்குத்தான்.

வாய்க்கால்மேடு:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா வீட்டுப் பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு ஏனுங்க மலைக்கு ஓடணும்? டிக்கெட் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? காலிங்கராயன் வாய்க்காலைப் புடிச்சுக்கிட்டே போகச் சொல்லுங்க. முன்பதிவு வேண்டாம், முந்தின நாள் தங்க வேண்டாம், ஆளுக்கு மூணுநூறு ரூபாய் தாண்டாது.

பவானி ஊர்ல, பவானி ஆறு காவேரியில கலக்கிறதுக்குக் கொஞ்சம் மேலே அணை. 13-ஆம் நூற்றாண்டுல காலிங்கராயன்ங்கிற தலைவர் கட்டினது. அங்கே கிளம்புற வாய்க்கால் ஈரோட்டைத் தொட்டு, கொடுமுடி பக்கம் ஆவுடையார்பாறையில நொய்யல்கிட்ட முடியுது. சுமார் 90 கிலோமீட்டர். வரைபடத்துல அந்த வளைவு நெளிவு மேல ஒரு நூலை வெச்சு அளந்துட்டு, அப்புறம் ரெண்டு முனைக்கும் நேரா நூலைப் புடிச்சு அளக்கச் சொல்லுங்க. எவ்வளவு சுத்துதுன்னு தெரியும். பாம்பு போன தடத்துல வெட்டினதுன்னு ஊர்ல கதை உண்டு. காரணம் சரிவுதான். நேரா வெட்டினா தண்ணி வேகமா ஓடிக் கரையை அறுக்கும், பாசனம் ஆகற காடும் குறையும். மேட்டோட விளிம்பைப் புடிச்சு வளைஞ்சு வளைஞ்சு போனாத்தான் மெதுவா இறங்கும். இப்போ இருக்கிற கருவி எதுவும் இல்லாத காலத்துல மட்டம் எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு பசங்க கேட்பாங்க. கேக்கட்டும்.

பவானி அணை, பக்கத்துல மணிமண்டபம், அப்புறம் பஸ்ல ஈரோடு, கருங்கல்பாளையம் பக்கம் கரையோரம் ஒரு மணி நேர நடை. கழிவுத் தண்ணி கலக்காம இருக்கப் பக்கத்துலயே வெட்டின பேபி வாய்க்காலையும் பார்க்கலாம். அப்புறம் ஈரோட்டுல இருந்து திருச்சி பாசஞ்சர்ல கொடுமுடி. கடைசி முனைக்குப் பஸ் குறைவு, பொழுது இருந்தாப் பாருங்க, இல்லாட்டி கொடுமுடியோட விட்டுடுங்க.

நடுவுல ஒரு கணக்கு. கரை நேரா இருக்கிற இடத்துல 20 மீட்டர் அளந்து ரெண்டு குச்சி நடணும். தண்ணியில எலுமிச்சம்பழம் போடணும். தக்கையோ இலையோ போட்டாக் காத்து அடிச்சுட்டுப் போயிடும், எலுமிச்சை பெரும்பாகம் தண்ணிக்குள்ள முங்கியே மிதக்கிறதால தண்ணி வேகத்துலயே போகும். முதல் குச்சிக்கு நாலு மீட்டர் முன்னாடியே, நட்ட நடுவுல போடணும். கரையோரம் போட்டா புல்லுல சிக்கும். மூணு தடவை போட்டுச் சராசரி. பாலத்து மேல நின்னு கயித்துல கல்லைக் கட்டி இறக்கினா ஆழம், பாலத்தை அளந்தா அகலம். ஆழத்தை அஞ்சாறு இடத்துல பார்த்துச் சராசரி எடுக்கணும். யாரும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது.

உதாரணத்துக்கு: 20 மீட்டர், 40 வினாடின்னா வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அகலம் 8, ஆழம் 1. பெருக்கினா 4. மேல்பரப்பை விட அடியில தண்ணி மெதுவாப் போறதால 0.85-ஆல பெருக்கணும், 3.4 கன மீட்டர் வரும். 35.3-ஆல பெருக்கினா 120 கன அடி. தினமும் செய்தியில "விநாடிக்கு இத்தனை கன அடி"ன்னு கேக்கறது இதுதான்னு அவங்களுக்குப் புரியற நிமிசம் நல்லாயிருக்கும்.

சில்லறைப்பை:

எங்கே போனாலும் வேலையைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. ஒருத்தருக்கு டிக்கெட், ஒருத்தருக்குக் காசு, ஒருத்தருக்கு நேரம், ஒருத்தருக்குச் சாப்பாடு தண்ணி, ஒருத்தருக்கு மருந்துப் பையும் தலை எண்றதும். மத்தியானத்துக்கு மேல மாத்திக்கணும், இல்லாட்டி கணக்கு வராதவன் கடைசி வரைக்கும் கணக்கைத் தொடவே மாட்டான்.

காசைப் பொதுப் பையில போட்டு, பத்துல ஒரு பங்கைத் தனிக் கவர்ல ஒட்டிப் பெரியவர்கிட்ட குடுத்துடணும். மலைப் பாதையில சிக்னல் விட்டு விட்டு வரும், ஜிபேயை மட்டும் நம்பாதீங்க. பத்து, இருபது ரூபாய்த் தாளா மாத்தி வெச்சுக்கணும். ஐநூறு நீட்டினா கண்டக்டர் டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதிக் குடுத்துடுவார், இறங்கற அவசரத்துல மறந்துபோகும். காசுக்காரர் அந்த டிக்கெட்டைப் பையில போடாம கையிலயே புடிச்சிருக்கணும், நிறுத்தம் வர்றதுக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாடி கேட்டு வாங்கணும்.

இன்னொண்ணு: அரசு சாதாக் கட்டண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்குக் காசில்லை. ஆனா கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கணும். பொதுப் பையில எல்லாரும் ஒரே தொகை போட்டிருந்தா, மிச்சத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு சாயங்காலம் ஒரு சண்டை வரும். பெரியவர் வாயே திறக்கக் கூடாது.

அவருக்கு அதுதான் பெரிய வேலையுங்க, சும்மா இருக்கறது. தப்பான பஸ்ல ஏறினாலும் விடட்டும். கடைசி பஸ், தண்ணி, ரோடு தாண்டறது, இந்த மூணுல மட்டும் குறுக்கே வரலாம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098, இந்த மூணு நம்பரையும் போன்ல மட்டுமில்லாம ஒரு சீட்டுலயும் எழுதி வெச்சுக்கணும், சார்ஜ் தீரும்.

கொடிவேரிப்பக்கம்:

தண்ணியைப் பத்தி அழுத்திச் சொல்லணும். இந்த வயசுப் பசங்க "அணையில சும்மா காலை நனைச்சுட்டு வர்றோம்"பாங்க. தடுப்பணைக்கு மேல விழுற தண்ணி அடியில போய்ச் சுழண்டு, மேல்பரப்புல அணையைப் பார்த்தே திரும்பி வரும். அதுல மாட்டினவங்க வெளியே நீந்தப் பார்த்தா உள்ளேயே இழுத்துட்டுப் போகும். நீச்சல் தெரிஞ்சாலும் அதேதான். பார்க்க இடுப்பளவுத் தண்ணியாத்தான் தெரியும். குளிக்கன்னு கம்பி கட்டி விட்ட இடத்தைத் தவிர வேற எங்கயும் வேண்டாம். மேலே தண்ணி திறந்தாச் சொல்லாம ஏறும், தெளிவா இருந்த தண்ணி கலங்கி, சருகு மிதந்து வந்தா உடனே கரை ஏறணும். பாசிப் பாறையில செருப்பைக் கழட்டினாலும் வழுக்கும், போட்டாலும் வழுக்கும்.

மூடி இறுகின அஞ்சு லிட்டர் காலிக் கேன், அதோட 15 மீட்டர் கயிறு கட்டி எடுத்துட்டுப் போங்க. கேன்ல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினாத்தான் வீசினா தூரம் போகும். யாராவது விழுந்தா அதை வீசணும், கூடவே குதிக்கக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுவாசல்ல நாலு தடவை வீசிப் பழகட்டும்.

மலைப் பாதையில வாந்தி வர்றவங்க பஸ்ல பின்சக்கரத்துக்கு மேல உக்காரக் கூடாது. முன்பக்கம், ஜன்னல் ஓரம், தூரத்துல பார்வை. போனைப் பார்த்தாக் கண்ணுக்கு அசையாத மாதிரி இருக்கும், காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுதுன்னு சொல்லும். அந்த முரண்ல தான் குமட்டுது. வெறும் வயித்துல போகாம ரெண்டு இட்லியோட நிறுத்தணும். மாத்திரை போடறதுன்னா டாக்டரைக் கேட்டு, பஸ் ஏறின அப்புறம் போடாம அரை மணிக்கு மேல முன்னாடியே போடணும். தூக்கம் வரும், அதனால அன்னிக்கு அவங்களுக்குக் காசுப் பை வேண்டாம்.

பெருந்துறை_அம்மிணி:

ரொம்ப நன்றிங்க. புள்ளைங்ககிட்டப் படிச்சுக் காட்டினேன், வாய்க்காலுக்கே மூணு ஓட்டு. ஆனா லீவு மே மாசம்தானுங்களே, தண்ணி நிறுத்தியிருந்தா என்ன பண்றது? அப்புறம், போயிட்டு வந்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாமா?

வாய்க்கால்மேடு:

கோடையில மராமத்துக்கு நிறுத்தறது உண்டு, கிளம்பற வாரம் பவானியில விசாரிச்சுக்குங்க. காஞ்சிருந்தா இன்னொரு லாபம், மதகோட அடிக்கல், ஷட்டர் இறங்கற காடி, வண்டல் எத்தனை விரக்கடை படிஞ்சிருக்குன்னு எல்லாம் கண்ணாலயே பார்க்கலாம். கரையில தண்ணி நின்ன கோடு தெரியும். அதுல இருந்து அடி வரைக்கும் அளந்தா ஆழம் கிடைக்கும்.

கட்டுரை வேண்டாமுங்க, "இயற்கை எழில் கொஞ்சும்"னு ஆரம்பிச்சுடுவாங்க. ஆளுக்கு ஒரு பக்கம்: செலவு, எங்கே ஏமாந்தோம், ஒரு படம் வரைஞ்சது. மதகு படம் வரையறவங்க திருகு எந்தப் பக்கம் சுத்தினா ஷட்டர் ஏறுதுன்னு அம்புக்குறி போடணும். அதுக்கு அங்கேயே நின்னு பார்த்தாகணும், போட்டோவுல தெரியாது.

தண்ணி இல்லாட்டி அந்த மூணு எலுமிச்சம்பழத்தைக் கரையில உக்காந்து சர்பத் போட்டுக்கச் சொல்லுங்க. உப்பு மறக்காம எடுத்துட்டுப் போகட்டும்.